தொடர் பற்றிய பேச்சில் மதிப்பீடு: ஐதராபாத்தின் தமிழ் – தெலுங்குச் சூழலை முன்வைத்து

1. முன்னுரை

தொலைக்காட்சித் தொடரைப் பார்ப்பவர் அதனைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. அதைப் பற்றிப் பேசவும் செய்கின்றனர். நேற்றைய பகுதியைத் தவறவிட்டவருக்குக் கதையைச் சொல்கின்றனர்; நாளை என்ன நிகழும் என ஊகிக்கின்றனர்; பாத்திரங்களின் செயல்களைக் கண்டிக்கின்றனர், பரிகின்றனர், நகையாடுகின்றனர். வீண்பேச்சு என்று பெரும்பாலும் ஒதுக்கப்படும் இப்பேச்சு, மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் பயன்தரும் தரவாகும். ஒரு மொழி தன் இலக்கணத்தின் எவ்வெவ்விடங்களில் பேசுவோரின் மதிப்பீட்டை வைத்திருக்கிறது என்பதை இத்தகைய பேச்சு தெளிவாகக் காட்டுகிறது.

ஐதராபாத், செகந்திராபாத் ஆகிய இரட்டை நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பேச்சுச் சூழலை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஒரே வீட்டில் தமிழ்த் தொடரும் தெலுங்குத் தொடரும் பார்க்கப்படுவதும், ஒன்றைப் பற்றி மற்றதன் மொழியில் பேசப்படுவதும் இங்கு இயல்பு. எனவே, மதிப்பீட்டை உணர்த்தும் வடிவங்களை இரு மொழிகளிலும் ஒப்பிட்டு நோக்க இச்சூழல் இடந்தருகிறது.

இங்குக் காட்டப்படும் எடுத்துக்காட்டுகள், இவ்வீடுகளில் வழங்கும் பேச்சின் போக்கையொட்டி அமைத்துக்கொள்ளப்பட்டவை. குறிப்பிட்ட ஒருவரின் கூற்றுகள் அல்ல. குழப்பத்தைத் தவிர்க்க, ‘தொடர்’ என்னும் சொல் இக்கட்டுரையில் தொலைக்காட்சித் தொடரை மட்டுமே குறிக்கும்; இலக்கணத்தில் தொடர் எனப்படுவது ‘வாக்கியம்’ எனப்படும்.

2. பின்புலம்

சென்னையில் தூர்தர்ஷன் 1975இலும் ஐதராபாத்தில் 1977இலும் தொடங்கின. தொடர்களைப் பற்றிய பேச்சு நாடு தழுவிய வழக்கமாக மாறியது 1984இல் ஒளிபரப்பான ‘ஹம் லோக்’ என்னும் இந்தித் தொடரிலிருந்து எனலாம். அத்தொடரின் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி, நிகழ்ந்தவை குறித்துப் பார்வையாளரோடு உரையாடுவது போலப் பேசுவார். கதையைச் சொல்வதும் கதையைப் பற்றிச் சொல்வதும் வெவ்வேறு மொழிச்செயல்கள் என்பதைத் தொடரே தன் அமைப்பில் ஏற்றுக்கொண்டது குறிப்பிடத்தக்கது.

1993இல் சன் தொலைக்காட்சியும் 1995இல் ஐதராபாத்தைத் தளமாகக் கொண்ட ஈடிவியும் தொடங்கப்பட்டன. 1999இல் தொடங்கிய ‘சித்தி’ தெலுங்கில் ‘பின்னி’ என்னும் பெயரில் ஜெமினி தொலைக்காட்சியில் வந்தது. 2002இல் தொடங்கிய ‘மெட்டி ஒலி’ தெலுங்கில் ‘மெட்டெல சவ்வடி’ ஆயிற்று. பின்னர், குரலை மட்டும் மாற்றும் முறையோடு, கதையை வாங்கி வட்டார நடிகர்களைக் கொண்டு மீண்டும் எடுக்கும் முறையும் பெருகியது. 2018 முதல் 2023 வரை ஒளிபரப்பான ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தெலுங்கில் 2019இல் ‘வதினம்ம’ என்னும் பெயரில் தொடங்கியது. மலையாளத்தில் 2014இல் தொடங்கிய ‘கறுத்தமுத்து’, தெலுங்கில் 2017இல் ‘கார்த்திக தீபம்’ எனவும் தமிழில் 2019இல் ‘பாரதி கண்ணம்மா’ எனவும் உருப்பெற்றது. வங்காளியில் எழுந்த ‘ஸ்ரீமயி’ 2020இல் தெலுங்கில் ‘இன்டின்டி கிருஹலக்ஷ்மி’ ஆகவும் தமிழில் ‘பாக்கியலட்சுமி’ ஆகவும் வந்தது.

ஆகவே, செகந்திராபாத்தில் மாரேட்பள்ளியிலோ பத்மாராவ் நகரிலோ வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்திற்கு ஒரே கதை இரு மொழிகளில் கிடைக்கிறது. இது, ஆய்வாளர் ஏற்பாடு செய்யாமலே அமைந்த ஓர் ஒப்பீட்டுச் சோதனை போன்றது.

3. மதிப்பீடு பற்றிய லபோவின் கருத்து

நிகழ்வை எடுத்துரைக்கும் பேச்சின் அமைப்பை வில்லியம் லபோவும் ஜோஷுவா வலெட்ஸ்கியும் 1967இல் விளக்கினர். எடுத்துரைப்பில் நிகழ்ச்சிகளின் வரிசை மட்டுமன்றி ‘மதிப்பீடு’ என்னும் கூறும் உண்டு என்பது அவர்களின் சிறப்பான கண்டுபிடிப்பாகும். ‘இதை ஏன் சொல்கிறாய்?’ என்று கேட்போர் வினவாதபடி காப்பது மதிப்பீடே. 1972இல் வெளியான நூலில் லபோ இக்கருத்தை விரித்தார். நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதிச் சிறுவர்கள் தம் சொந்த அனுபவத்தைச் சொன்ன கதைகளையும் தொலைக்காட்சியில் பார்த்ததைச் சொன்ன கதையையும் அவர் அதில் ஒப்பிட்டார். சொந்த அனுபவக் கதைகளில் மதிப்பீடு செறிந்திருக்க, தொலைக்காட்சிக் கதையில் அது அநேகமாக இல்லை. நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டதால் கேட்பவருக்குப் பொருள் பிடிபடவில்லை என அவர் காட்டினார்.

இம்முடிவைத் தமிழ்த் தொடர்களைப் பற்றிய பேச்சுக்கு அப்படியே பொருத்த இயலாது. இதற்கு இரு காரணங்களைக் கூறலாம். முதலாவது, தொடரின் இயல்பு. லபோ எடுத்துக்கொண்டது, தன்னளவில் முடியும் பகுதிகளைக் கொண்ட உளவு நிகழ்ச்சி. நம் தொடர்களோ ஆண்டுக்கணக்கில் நீள்பவை. அவற்றின் பாத்திரங்கள் பார்ப்பவருக்கு அண்டை வீட்டாரைப் போலப் பழகியவர்கள். இரண்டாவது, மொழியின் இயல்பு. தமிழில் மதிப்பீடு தனி வாக்கியமாகவோ அடைமொழியாகவோ வரவேண்டும் என்பதில்லை. நிகழ்ச்சியைச் சொல்லும் வினைமுற்றுக்குள்ளேயே அது அமைந்துவிடும். இரண்டாம் காரணமே இக்கட்டுரையின் மையம்.

4. துணைவினைகளில் அமையும் மதிப்பீடு

தமிழில் வினையெச்சத்தை அடுத்து வரும் துணைவினைகளுள் ஒரு சாரார் காலத்தையோ வினைநிலையையோ மட்டும் உணர்த்துவதில்லை. பேசுபவரின் மனப்பாங்கையும் உணர்த்துகின்றன. இ. அண்ணாமலை 1985இல் வெளியிட்ட தமிழ் வினைவிரிவு பற்றிய நூலிலும், ஹெரால்டு ஷிஃப்மன் 1999இல் வெளியிட்ட பேச்சுத்தமிழ் இலக்கணத்திலும் இவை விரிவாக ஆராயப்பட்டுள்ளன. தொடர் பற்றிய பேச்சில் இவற்றின் பணி என்ன என்பதைக் கீழ்வரும் வாக்கியங்கள் காட்டும்.

(1) அவ அழுதா.
(2) அவ அழுதுட்டா.
(3) அவ அழுது தீத்துட்டா.
(4) அவ அழுது தள்றா.

நான்கிலும் நிகழ்ச்சி ஒன்றே. (1) செய்தி மட்டும் தருகிறது. (2) செயல் நிகழ்ந்து முடிந்ததை, பெரும்பாலும் எதிர்பாராத ஒன்றாக, உணர்த்துகிறது. (3) அடக்கிவைத்த துயரம் முழுதும் வெளிப்பட்டதாகக் கூறுவதால் பரிவுக்கு இடந்தருகிறது. (4) அளவு மீறியதைச் சுட்டுகிறது. இங்குக் குறை கூறப்படுவது பாத்திரமாகவும் இருக்கலாம், காட்சியை நீட்டிய இயக்குநராகவும் இருக்கலாம். ‘எழுதித் தள்ளினான்’ என்பதில் மிகுதி பாராட்டாகவும் அமைய, ‘அழுது தள்றா’ என்பதில் அது சலிப்பாகிறது. துணைவினை மிகுதியை மட்டும் தருகிறது. அம்மிகுதி நல்லதா தீயதா என்பதை முதல்வினையின் பொருள் முடிவுசெய்கிறது.

பொறுமையின்மையைக் காட்டும் ‘தொலை’, விளைவை எண்ணி அஞ்சும் ‘வை’, தானே வருவித்துக்கொண்டதைக் காட்டும் ‘கொள்’ ஆகியனவும் இவ்வகையினவே.

(5) உண்மையைச் சொல்லித் தொலைச்சா என்னவாம்?
(6) மாமியார்கிட்ட எல்லாத்தையும் உளறி வச்சிருக்கா.
(7) அவளே போய் மாட்டிக்கிட்டா.

(6)இல் ‘வை’ என்பது, இனி வரவிருக்கும் பகுதிகளில் இதனால் கேடு விளையும் என்னும் பார்வையாளரின் அச்சத்தைத் தாங்கி நிற்கிறது. நாளைய கதையைப் பற்றிய ஊகம் இன்றைய வினைமுற்றிலேயே அடங்கிவிடுகிறது.

தெலுங்கிலும் இத்தகைய துணைவினைகள் உண்டு. முடிவுப்பொருளுக்குத் தமிழின் ‘விடு’ போல அங்கு ‘வேயு’ வரும். ‘செப்பேசிந்தி’ என்பது ‘சொல்லிட்டா’ என்பதற்கு நேர். ‘திட்டிப் பாரேசிந்தி’ என்பதில் ‘எறிந்துவிடு’ என்னும் பொருளுடைய வினை துணைவினையாகி, ‘திட்டித் தள்ளிட்டா’ என்பதன் பொருளைத் தருகிறது. இவ்விடங்களில் மொழிபெயர்ப்பாளருக்கு இடர் இல்லை.

இடர் ‘தொலை’ என்பதில் எழுகிறது. ‘சொல்லித் தொலை’ என்பதற்குத் தெலுங்கில் ‘செப்பி சாவு’ அல்லது ‘செப்பி ஏடுவு’ என்பர். முன்னதன் சொற்பொருள் ‘சொல்லிச் சா’. பின்னதன் சொற்பொருள் ‘சொல்லி அழு’. துணைவினை நிலையில் இவை சொற்பொருளை இழந்து எரிச்சலை மட்டும் காட்டுகின்றன. தமிழிலும் ‘சொல்லி அழு’ என்னும் வழக்கு உண்டு. ஆனால் ‘சா’ இப்பணியைச் செய்வதில்லை. தெலுங்கு அறியாத தமிழ்ப் பார்வையாளர் ‘செப்பி சாவு’ என்பதைச் சாபமாகவே கொள்வார். குரல்மாற்றில் இதற்கு மற்றொரு தடையும் உண்டு. இரு சொற்கோவைகளும் நான்கு அசையளவின. ஆனால் ‘செப்பி’ என்பதில் உதடுகள் மூடித் திறப்பது திரையில் தெரியும். ‘சொல்லி’ என்பதில் அது இல்லை. பொருளை நோக்கினால் வாய் ஒட்டாது. வாயை நோக்கினால் பொருள் பிறழும். மொழிமாற்றுத் தொடர்களின் உரையாடல் செயற்கையாக ஒலிக்கிறது என்னும் குறைக்கு இத்தகைய சிற்றிடங்களும் காரணமாகின்றன.

5. சான்றுநிலை: ‘ஆம்’ என்னும் ஈறு

பார்த்தது, ஊகித்தது, கேட்டது ஆகிய மூன்றையும் தமிழ் வேறுபடுத்துகிறது.

(8) அவளுக்கு நினைவு தப்பிடுச்சு.
(9) அவளுக்கு நினைவு தப்பிடுச்சு போலிருக்கு.
(10) அவளுக்கு நினைவு தப்பிடுச்சாம்.

மரபிலக்கணப் பயிற்சியில் (10) பிறர் வாய்க்கேட்ட செய்தி எனப்படும். நேற்றைய பகுதியைப் பார்க்காதவர், பார்த்தவரிடம் கேட்டு மூன்றாமவரிடம் சொல்லும்போது இவ்வடிவம் வருவது எதிர்பார்த்ததே. ஆனால் அப்பகுதியைக் கண்ணால் பார்த்தவரே (10)ஐக் கூறுவதும் மிக இயல்பாக நிகழ்கிறது. பார்த்தவர் ஏன் ‘ஆம்’ சேர்க்க வேண்டும்?

அவர் பார்த்தது தொடரை. நினைவு தப்பிய நிகழ்ச்சியை அன்று. அந்நிகழ்ச்சிக்குப் பொறுப்பேற்பது கதாசிரியர். ‘அப்படி என்று அவர்கள் சொல்கிறார்கள், நான் ஏற்கவில்லை’ என்னும் விலகலை ஓரெழுத்தும் ஓர் ஒற்றும் உணர்த்திவிடுகின்றன. இதனை ‘விலகல் ஆம்’ எனக் கொள்ளலாம். (5)இல் ‘என்னவாம்’ என வருவதும் இதன் இனமே. கதையில் ஒன்றி நிற்கும்போது (8)ஐயும், கதையை நம்ப மறுக்கும்போது (10)ஐயும் ஒரே பார்வையாளர் பயன்படுத்துவார். எனவே ‘ஆம்’ வருமிடங்களைக் குறித்துக்கொண்டே சென்றால், அவர் எந்த இடத்தில் தொடரின்மீது நம்பிக்கை இழந்தார் என்பதைக் கண்டுகொள்ளலாம்.

தெலுங்கில் இதே பணியை ‘அட’ என்னும் ஈறு செய்கிறது. பேச்சில் ‘அண்ட’ எனவும் வழங்கும். ‘ஆமெகி ஞாபகம் போயிந்தட’ என்பது (10)க்கு நேர். நம்பாமையைக் காட்டும் பயன்பாடும் தெலுங்கில் உண்டு. ஆதலால் தமிழ் – தெலுங்கு மொழிபெயர்ப்பில் இவ்வீறு சேதமின்றிக் கடந்து செல்கிறது. ஆங்கிலத்திற்குச் செல்லும்போது நிலை வேறு. ஆங்கில வினைமுற்றில் இதற்கு இடமில்லை. தனிச்சொல்லோ தனிவாக்கியமோ சேர்க்க வேண்டும். சப்டைட்டிலில் இடமும் நேரமும் குறைவாதலால் முதலில் விடுபடுவது இவ்வீறே. அவ்வாறு விடுபட்டால், நகையாடியவர் நம்பியவராக மாறிவிடுகிறார். கூற்று எதிர்ப்பொருளைத் தந்துவிடுவதால் இதனைச் சிறு இழப்பு எனக் கொள்வதற்கில்லை.

6. நடவாததைச் சொல்லி மதிப்பிடல்

நிகழாததைக் கூறுவதும் மதிப்பீட்டின் ஒரு வழி என்று லபோ காட்டியுள்ளார். எதிர்மறை, வினா, ஏவல், எதிர்காலம் ஆகியன நிகழ்ந்ததை நிகழாததோடு ஒப்பிட்டு அதன் முதன்மையை உணர்த்துகின்றன. நம் தொடர்களின் கதைப்போக்கு இவ்வகைக்கு மிகுந்த இடமளிக்கிறது. பல தொடர்களில் சிக்கல் நீடிப்பதற்குக் காரணம், ஒருவர் சொல்லவேண்டியதைச் சொல்லாமலிருப்பதே. ‘கார்த்திக தீபம்’, ‘பாரதி கண்ணம்மா’ ஆகிய இரண்டும் மனைவியை ஐயுற்றுப் பிரியும் மருத்துவரின் கதைகள். ஓர் ஐயம் தீராமையே ஆண்டுக்கணக்கில் கதையை நடத்தியது. ஆகவே பார்ப்போரின் தீர்ப்பு பெரும்பாலும் நிபந்தனை வாக்கியமாக வெளிப்படுகிறது.

(11) அப்பவே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?
(12) ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?

(11)க்கு நேரான தெலுங்கு வாக்கியம் ‘அப்புடே செப்பி உண்டே இந்த தூரம் வச்சேதா?’ என்பது. இங்கு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. நடவாத விளைவைக் கூறத் தமிழ் எதிர்கால வடிவத்தை (‘வந்திருக்கும்’) எடுத்துக்கொள்கிறது. தெலுங்கு, கடந்தகால வழக்கத்தைச் சுட்டும் வடிவத்தை (‘வச்சேதி’) எடுத்துக்கொள்கிறது. இரு மொழிகளிலும் ஒரே அளவு பழகாத மொழிபெயர்ப்பாளர் ‘வச்சேதி’ என்பதை ‘வழக்கமாக வந்தது’ எனப் பெயர்த்துவிடும் வாய்ப்பு உண்டு. நிபந்தனைப் பகுதி முந்தைய வாக்கியத்தில் நின்றுவிட்டால் இப்பிழை எளிதில் நேரும்.

(12)இல் ‘ல்ல’ என்னும் ஒட்டு, கேட்பவரைத் தன் தீர்ப்பில் பங்கேற்க அழைக்கிறது. தெலுங்கில் ‘கதா’ இப்பணியைச் செய்யும். ஐதராபாத்தில் வளர்ந்த தமிழரின் பேச்சில், ‘கேட்டிருக்கலாம் கதா’ எனத் தமிழ் வினையோடு இத்தெலுங்கு ஒட்டு சேர்ந்து வருவதை நான் கேட்டிருக்கிறேன். உடன்பாடு வேண்டும் ஒட்டுகளைச் சூழலிலுள்ள பெருமொழியிலிருந்து பெறுவது இயல்பே. ஏனெனில் அவை கேட்பவரை நோக்கியவை.

இங்கு ‘ஏ’ என்னும் இடைச்சொல்லையும் குறிப்பிட வேண்டும். ‘பாரதி கண்ணம்மா’ தொடரில் நாயகி வீட்டைவிட்டு வெளியேறிக் கையில் பையுடன் தெருத்தெருவாக நடக்கும் காட்சி பலரின் நகைப்புக்கு உள்ளாயிற்று. அதனை ‘நடந்துகிட்டு இருக்கா’ என்றால் செய்தி. ‘நடந்துகிட்டே இருக்கா’ என்றால் விமர்சனம். முழு நகையும் ஓர் ஏகாரத்தில் அடங்கியுள்ளது.

7. மரியாதை வடிவங்கள்: பாத்திரமும் நடிகையும்

தொடர் பற்றிப் பேசும் தமிழர், பாத்திரத்தையும் அதை ஏற்ற நடிகையையும் மரியாதை வடிவத்தாலேயே வேறுபடுத்துகின்றனர்.

(13) தனம் தப்பு பண்ணிட்டா.
(14) சுஜிதா நல்லா நடிச்சிருக்காங்க.

‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தொடரில் தனம் என்னும் பாத்திரத்தை ஏற்றவர் சுஜிதா. தெலுங்கு ‘வதினம்ம’ தொடரிலும் அவரே நாயகி. குறிக்கப்படுபவர் ஒருவரே ஆயினும் (13) ஒருமையிலும் (14) மரியாதைப் பன்மையிலும் அமைகின்றன. கதைக்குள் நிற்கும்போது அவள் நம் வீட்டுப் பெண். கதைக்கு வெளியே அவர் ஒரு கலைஞர். வினைமுற்றின் விகுதி மாறும் இடமே கதையின் எல்லை.

தெலுங்கில் இவ்வெல்லை வினைமுற்றில் இவ்வளவு தெளிவாகத் தோன்றாது. தெலுங்கில் பெண்பால் ஒருமை வினைமுற்று அஃறிணை ஒருமையோடு ஒன்றிவிடும். ‘ஆமெ வச்சிந்தி’, ‘அதி வச்சிந்தி’ என இரு பெயர்களுக்கும் முடிபு ஒன்றே. தமிழ்ப் பேச்சில் வரும் ‘வந்தா’, ‘வந்துச்சு’ என்னும் வேறுபாடு அங்குப் பெயரில் மட்டும் நிற்கும். பெயர் மறைந்து வினை மட்டும் நிற்கும் வாக்கியத்தைத் தமிழாக்குபவர், மூலத்தில் இல்லாத ஒரு முடிவைத் தாமே எடுக்க வேண்டியவராகிறார்.

இதைவிட நுட்பமான இடர் ‘அது’ என்னும் சொல்லில் உள்ளது. தமிழில் ஒரு பெண்ணை ‘அது’ என்பது எப்போதும் இழிவன்று.

(15) பாவம், அது என்ன பண்ணும்!

கணவனால் விலக்கப்பட்ட நாயகியைப் பற்றி வயது முதிர்ந்த பெண்மணி ஒருவர் இவ்வாறு கூறினால், அது குழந்தையைக் குறித்துப் பேசுவது போன்ற பரிவு. தெலுங்கிலும் தன் மகளையோ தங்கையையோ ‘அதி’ என்பது உரிமை பற்றிய வழக்கே. ஆனால் அந்த உரிமை இல்லாத, மணமான ஒரு பெண்ணை ‘அதி’ என்பது தெலுங்கில் இழிவாகவே கொள்ளப்படும். எனவே (15)ஐத் தெலுங்காக்குபவர் சொல்லுக்குச் சொல் இடாமல் ‘பாபம், ஆமெ ஏம் சேஸ்துந்தி!’ என அமைப்பதே தகும். பரிவுச் சுமையை அங்கு ‘பாபம்’ தாங்கிக்கொள்ளும். தீவினையைக் குறித்த வடசொல் இரு மொழிகளிலும் இரக்கக் குறிப்பாக மாறியிருப்பது இங்கு நமக்குக் கைகொடுக்கிறது.

8. உறவுப்பெயர்கள்

தொடர்களின் பெயர்களிலேயே உறவுமுறைச் சொற்கள் மிகுதியாக இடம்பெறுகின்றன. ‘சித்தி’ தெலுங்கில் ‘பின்னி’ ஆனது பொருத்தமான மொழிபெயர்ப்பாகும். தாயின் தங்கை, சிற்றப்பனின் மனைவி ஆகிய இருவரையும் இரு சொற்களும் குறிக்கின்றன. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு சொல் இல்லை. அங்குள்ள பொதுச்சொல் அத்தையையும் பெரியம்மாவையும் மாமியையும் ஒருங்கே குறிப்பதாகையால், தலைப்பின் பொருள் கரைந்துவிடுகிறது.

‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ என்னும் கடைப்பெயர் தெலுங்கில் ‘வதினம்ம’ என உறவுப்பெயராக மாறியது. ‘வதின’ என்பது அண்ணன் மனைவி. ‘அம்ம’ சேர்ந்து தாய்நிலையையும் குறிக்கிறது. தமிழ்த் தலைப்பு குடும்பத்தின் பொதுச்சொத்தை முன்னிறுத்த, தெலுங்குத் தலைப்பு அக்குடும்பத்தைத் தாங்குபவளை முன்னிறுத்துகிறது. எந்தப் பாத்திரத்தை மையமாகக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்பதைத் தலைப்பே பார்வையாளருக்கு உணர்த்திவிடுகிறது எனலாம்.

பார்வையாளரின் வாயில் நிலைபெற்ற பெயர்களும் உண்டு. ‘கார்த்திக தீபம்’ தொடரில் பிரேமி விஸ்வநாத் ஏற்ற தீபா என்னும் பாத்திரம், தெலுங்கு மக்களிடையே ‘வண்டலக்க’ என்றே வழங்கியது. ‘வண்ட’ என்பது சமையல். ‘அக்க’ என்பது தமக்கை. ‘சமையற்காரி’ எனத் தமிழாக்கினால் தொழில் மட்டும் நிற்கும், உறவு போய்விடும். ‘சமையல் அக்கா’ என்பதே நெருங்கிய வடிவம். தொழிலால் தாழ்த்தப்பட்டவளை உறவால் உயர்த்தும் மதிப்பீடு அச்சொல்லின் பின்பகுதியில்தான் உள்ளது.

9. தலைமுறை மாற்றமும் மதிப்பீட்டு வடிவங்களும்

இதுவரை கூறியவை மொழிபெயர்ப்புச் சிக்கல்கள். இவற்றினும் கவலைக்குரிய ஒன்று இப்பேச்சுச் சூழலுக்குள்ளேயே உள்ளது. ஐதராபாத்தில் பிறந்து வளரும் மூன்றாம் தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகளுள் பலர் தமிழில் பேசுவர். எழுதப் படிக்க அறியார். பள்ளி ஆங்கிலத்திலும் தெருப்பேச்சு தெலுங்கிலும் தக்கணி உருதுவிலும் அமைய, தமிழ் வீட்டுக்குள் நிற்கிறது. வீட்டிலும் உண்பது, உறங்குவது, கடைக்குப் போவது போன்றவற்றுக்கு வேண்டிய தமிழ் சிறிது போதும். பாட்டியோடு அமர்ந்து தொடர் பார்க்கும் நேரத்தில்தான் ஒருவரின் செயலை எடைபோட்டு வாதிடும் தமிழ் அப்பிள்ளைகளுக்குத் தேவைப்படுகிறது.

(16) பாட்டி: அவ அழுது தள்றாடி, பாக்க முடியல.
     பேத்தி: ஆமா பாட்டி, ரொம்ப ஓவரா இருக்கு கதா.

பேத்தி பாட்டியின் கருத்தை முழுமையாகப் புரிந்துகொண்டாள், உடன்படவும் செய்தாள். ஆனால் மதிப்பீட்டை வினைக்குள் வைக்காமல் ‘ரொம்ப ஓவர்’ என்னும் அடையில் வைத்தாள். உடன்பாட்டைத் தெலுங்கு ஒட்டால் வேண்டினாள். வாக்கியத்தின் நடுப்பகுதி மட்டும் தமிழாக நிற்கிறது. ‘ஓவர்’ என்பது அளவு மீறியதைச் சொல்லும். அதற்கு மேல் சொல்லாது. தள்ளுவதற்கும் தீர்ப்பதற்கும், வைப்பதற்கும் தொலைப்பதற்கும் உள்ள வேறுபாடுகள் அந்த ஒரு சொல்லில் ஒன்றாகிவிடுகின்றன.

இதனின்று ஒரு கருதுகோளை முன்வைக்கலாம். குடிபெயர்ந்த சூழலில் ஒரு மொழி தேயும்போது முதலில் இழக்கப்படுவது நிகழ்ச்சியைச் சொல்லும் திறன் அன்று. நிகழ்ச்சியை மதிப்பிட்டுச் சொல்லும் திறனே. சொற்றொகையை அளந்து மொழித்திறனைக் கணக்கிடும் வழக்கமான சோதனைகள் இவ்விழப்பைக் காட்டமாட்டா. ஏனெனில் ‘தள்ளு’, ‘தொலை’, ‘வை’ ஆகிய சொற்களை அப்பிள்ளைகள் முதல்வினையாக அறிவர், துணைவினையாக ஆளுவதில்லை. ஒரே தொடரின் ஒரே பகுதியை மூன்று தலைமுறையினரும் தனித்தனியே திரும்பச் சொல்லக் கேட்டுப் பதிவுசெய்து, துணைவினை, சான்றுநிலை ஈறு, நிபந்தனை வாக்கியம் ஆகியவற்றை எண்ணினால் இக்கருதுகோளைச் சோதித்துவிடலாம். கதை பொதுவாதலால், வேறுபாடுகள் யாவும் சொல்பவரின் மொழியிலிருந்து வந்தவையாகவே இருக்கும்.

10. முடிவுரை

இக்கட்டுரையில் கண்டவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம். தொலைக்காட்சிக் கதையைத் திரும்பச் சொல்வதில் மதிப்பீடு குறைவு என்னும் கருத்து, ஆண்டுக்கணக்கில் நீளும் தொடர்களைப் பற்றிய தமிழ்ப் பேச்சுக்குப் பொருந்தாது. தமிழில் மதிப்பீடு துணைவினை, ‘ஆம்’ என்னும் ஈறு, ஏகாரம், மரியாதை விகுதி, நிபந்தனை வாக்கியம் ஆகிய இலக்கண இடங்களில் அமைகிறது. தெலுங்கு இவற்றுள் பலவற்றைப் பகிர்ந்துகொள்கிறது. ‘தொலை’, ‘அது’, நடவாததைச் சொல்லும் கால வடிவம் ஆகியவற்றில் வேறுபடுகிறது. ஒத்த இடங்களில் காட்டும் கவனத்தினும், ஒத்தவை போலத் தோன்றி வேறுபடும் இவ்விடங்களில் மொழிபெயர்ப்பாளர் மிகுந்த கவனம் காட்ட வேண்டும்.

மொழித்தரவு திரட்டுவோர் பெரும்பாலும் முதியோரிடம் நாட்டுப்புறக் கதைகளையும் வாழ்க்கை வரலாற்றையும் கேட்டுப் பெறுகின்றனர். அவற்றோடு, ‘நேற்று அந்தத் தொடரில் என்ன நடந்தது?’ என்றும் கேட்கலாம். அவ்வினாவுக்கு விடைசொல்லத் தயங்குவோர் அரியர். விடையில் கதை பாதியும் தீர்ப்பு பாதியுமாக இருக்கும். அத்தீர்ப்புப் பகுதியில்தான் மேற்கண்ட வடிவங்கள் செறிந்து வருகின்றன. ஐதராபாத் போன்ற நகரங்களில், முதல் தலைமுறையினர் இன்னும் தொடர் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே அப்பேச்சைப் பதிவுசெய்துகொள்வது நம் கடமையாகும்.